அப்பாவின் டிஎக்ஸ் காரை ஓட்டப் பழகலாமா? கிளச்சில் இருந்து தொடங்குங்கள், மகள்

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்த பிறகு அவருடைய டொயோட்டா டிஎக்ஸ் மட்டக்களப்பு கல்லடி வீட்டில் சும்மா நிற்கிறது, உங்களிடம் இருப்பது கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் காருக்கான லைசன்ஸ், முப்பது வயதில் கையால் கியர் போடும் மனுவல் பழக முடியுமா, விற்று விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, எங்களைப் போல வயது போன ஆட்கள் அந்தக் காலத்தில் எப்படிப் பழகினோம், முதல் கார் எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். பழக முடியும். ஓட்டோ கியரில் ரோட்டுக்குப் பழகிய ஒருவருக்குப் புதிதாக வரவேண்டியது இடது காலும் இடது கையும் மட்டும்தான். கண்ணாடி பார்ப்பது, தூரம் கணிப்பது, மாட்டுக்கும் சைக்கிளுக்கும் இடம் விடுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நாங்கள் அதையும் இதையும் ஒரே நேரத்தில் பழகிய ஆட்கள்.

ஆனால் பழகும் முறை ஒன்று இருக்கிறது. அதை நான் படித்தது ஒரு டிரைவிங் ஸ்கூலிலும் இல்லை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில், சூடு மிதிக்கும் களத்தில், அதாவது அறுத்த நெற்கதிரை மிதித்து மணி பிரிக்கும் இடத்தில். ஆகவே இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், முதல் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே வந்து விடும்.

இப்போது அறுவடைக்கு மெசின் வயலுக்குள்ளேயே இறங்கி நெல்லை மூட்டையாகத் தந்துவிட்டுப் போகிறது. எங்கள் சின்ன வயதில் வேளாண்மையை அரிவாளால் வெட்டி, கட்டாகக் கட்டி, குவித்துச் சூடு வைத்து, பிறகு களத்தில் பரப்பி மிதிக்க வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறை எருமை மாடு விட்டு மிதித்தது. எங்கள் காலத்தில் அந்த வேலைக்கு மெசி பெர்குசன் ட்ரக்டர் வந்து விட்டது, 35 அல்லது 135. ஊரில் பெரிய வயற்காரர்களான இரண்டு மூன்று போடிமாரிடம் இருக்கும், மற்றவர்கள் கூலிக்கு எடுப்பார்கள். பரப்பிய கதிர் மேல் ட்ரக்டரை வட்டமாகச் சுற்ற வேண்டும். பகல் முழுக்க ஓடி, இரவிலும் ஓடும். நடுச்சாமம் ஆனால் பெரிய டிரைவருக்கு நித்திரை வரும். அப்போதுதான் எங்களைப் போன்ற பொடியன்மாருக்கு சீட் கிடைக்கும். பெரியப்பா மட்கார்டில் உட்கார்ந்து கொண்டு, "மனே, காலைத் தூக்காத, மெல்ல விடு, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையை ட்ரக்டரில் ஏற்றுவதை நான் சரி என்று சொல்லவில்லை, இன்றைக்கு என் பேரப்பிள்ளையை ஏற்றவே மாட்டேன், அந்தக் களங்களில் கால் போன ஆட்களை எனக்குத் தெரியும். பழகிய விதத்தைச் சொல்கிறேன்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ட்ரக்டரில் கையால் வைக்கும் த்ரொட்டில் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர், அதை இழுத்து ஓர் இடத்தில் விட்டால் இன்ஜின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வலது காலுக்கு வேலையே இல்லை. ஆகவே பழகும் பிள்ளைக்கு ஒரேயொரு வேலை, இன்ஜினையும் சில்லையும் சேர்த்துப் பிரிக்கும் கிளச் மிதியை விடுவது. அமத்தினால் நிற்கும், விட்டால் போகும். எங்கே பிடிக்கிறது என்பதைக் கால் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த மாடல்களில் சிலதில் கிளச் இரண்டு கட்டமாக வேலை செய்யும், பாதி அமத்தினால் சில்லுக்குப் போகும் இழுவை மட்டும் நிற்கும், முழுக்க அமத்தினால் பின்னால் பூட்டிய கருவிக்குப் போகும் சுழற்சியும் நிற்கும். அதனால் மிதியில் எந்த ஆழத்தில் கால் நிற்கிறது என்ற கணக்கு எங்களுக்குச் சின்னதிலேயே வந்து விட்டது. கியரும் ஓட்டத்தில் மாற்றுவது இல்லை, நிறுத்தித்தான் போட வேண்டும். அவசரமே கிடையாது.

பிறகு கார் ஓட்ட வந்தபோது எங்களில் பலருக்கு அது சுலபமாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். டவுனில் பழகிய என் கூட்டாளிமார், நேராக ஒரு காரில் ஏறி, அக்சிலேட்டரையும் கிளச்சையும் சேர்த்து ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தவர்கள், மாதக்கணக்கில் குதித்துக் குதித்துத்தான் போனார்கள். அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, சொல்லிக் கொடுத்த விதம்தான் பிழை. இரண்டு காலும் இரண்டு வேலை. ஒன்றை நன்றாகப் பழக்கிவிட்டு மற்றதைச் சேர்க்க வேண்டும்.

இனி கார்கள். 1977இல் இறக்குமதியைத் திறந்து விடும் வரைக்கும் இலங்கைக்குள் புதுக்கார் வருவது மிகக் குறைவு. ஆகவே மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ரோட்டில் ஓடியவை பெரும்பாலும் ஐம்பதுகளில், அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த இங்கிலாந்துக் கார்கள். ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன் மிங்ஸ். வசதியான வீட்டில் பேஜோ 403 அல்லது 404. இடைக்கிடை ஒரு வொக்ஸ்வேகன். ஹயரிங், அதாவது வாடகைக்கு, ஓடியது பெரும்பாலும் கேம்பிரிட்ஜ், ஏனென்றால் உள்ளுக்கு இடம் அதிகம், முன் சீட் ஒரே நீள பெஞ்சாக இருக்கும், கியர் ஸ்டீயரிங் தண்டில் இருப்பதால் நடுவில் கால் வைக்கவும் ஒருவருக்கு இடம் கிடைக்கும். கலியாணத்துக்கு, திருவிழாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதுதான்.

அந்த ஸ்டீயரிங் கியருக்கு ஒரு நோய் இருந்தது. கியர் கைப்பிடியில் இருந்து கியர்பெட்டிக்குக் கம்பிகள் வழியாகத்தான் அசைவு போகும். மூட்டுகள் தேய்ந்து போனால் இரண்டு கியருக்கு நடுவில் சிக்கி, முன்னும் போகாது பின்னும் வராது. அப்போது டிரைவர் இறங்கி, பொனட்டைத் திறந்து, தண்டின் அடியில் இருக்கும் அந்தக் கைகளை ஒரு ஸ்பேனரால் தட்டி நேராக்கி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து விட்டு ஏறுவார். பயணிகள் யாரும் அதைப் பார்த்துப் பதற மாட்டார்கள். பிறகு வந்த ஜப்பான் வேன்களில் சிலதிலும் இந்த ஸ்டீயரிங் கியர் இருந்தது, அங்கேயும் இதே வைத்தியம்தான்.

என் முதல் கார் மொரிஸ் மைனர், 948 சிசி இன்ஜின் போட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னை விழுந்து கூரை நெளிந்து கிடந்தது. நெளிந்ததால்தான் எனக்கு எட்டிய விலைக்கு வந்தது. மட்டக்களப்பில் ஒரு கராஜில் திருத்த வேலை செய்யும் பாஸ் ஒருவர் உள்ளே ஜக் வைத்துக் கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எடுத்தார். முழுக்க நேராகவில்லை, மழைத் தண்ணீர் ஓரிடத்தில் தேங்கும். ஆனால் ஓடிய கார்.

மொரிஸ் மைனரை ஒருமுறை கிட்ட இருந்து காட்டுகிறேன், உங்கள் வயது ஆட்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது, மின்சாரம் மட்டும் வரும். ஸ்டார்ட் பண்ணத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும், பக்கத்தில் சோக் குமிழ் வேறு. பற்றரி இறங்கியிருந்தால் பின்னால் கிடக்கும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை எடுத்து, முன்னால் இருக்கும் துளைக்குள் விட்டுச் சுற்றலாம். சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும் நேரம் விரல் முறியும். கீழே இருந்து மேலே இழுக்க வேண்டும், மேலே இருந்து கீழே அமத்தக் கூடாது. பழைய மாடல்களில் திரும்பும் சைகைக்குக் கதவுத் தூணில் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், உள்ளே மங்கலான வெளிச்சத்தோடு. அது பாதியில் சிக்கினால் தூணில் ஒரு தட்டுத் தட்டினால் வரும். இரவில் முன் லைட்டைத் தாழ்த்தும் சுவிச் தரையில் இருந்தது, கிளச்சுக்குப் பக்கத்தில், இடது காலால் மிதிக்க வேண்டும். அப்படியென்றால் எதிரே லொறி வரும்போது கியரும் மாற்ற வேண்டி வந்தால் அந்த ஒரு காலுக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

இதெல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்தக் காரின் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. சிங்க்ரோ என்றால், கியரைப் போடும்போது சுற்றும் இரண்டு பகுதிகளின் வேகத்தையும் பித்தளை வளையம் ஒன்று உரசிச் சமப்படுத்தி, பல் மோதாமல் பூட்டும் ஏற்பாடு. உங்கள் டிஎக்ஸில் முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாவற்றுக்கும் அது இருக்கிறது. எங்களுக்கு இரண்டு, மூன்று, நாலுக்கு மட்டும் இருந்தது. கார் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் டபுள் கிளச் போட வேண்டும். கிளச்சை அமத்தி நியூட்ரலுக்கு எடு, கிளச்சை விடு, அக்சிலேட்டரை ஒரு சின்ன அமத்து அமத்தி இன்ஜினைக் கொஞ்சம் ஏற்று, திரும்பக் கிளச்சை அமத்தி முதல் கியரைப் போடு. ஏற்றிய அளவு சரி என்றால் கியர் சத்தமே இல்லாமல் விழும். குறைந்தாலும் கூடினாலும் "கர்ர்" என்று கத்தும், ரோட்டில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான். பழைய லொறிகளில் எல்லாக் கியருக்குமே இப்படித்தான். இந்த வேலையைக் கண்ணால் செய்ய முடியாது, மீட்டர் பார்த்தும் செய்ய முடியாது, காதால் மட்டும்தான் முடியும். அதனால்தான் அந்தக் காலத்து டிரைவர்மார் கண்ணாடியை இறக்கி விட்டு, ரேடியோ இல்லாமல் ஓட்டினார்கள். நீங்களும் பழகும் நாட்களில் பாட்டையும் ஏசியையும் நிறுத்தி விடுங்கள். இதை நான் கட்டாயமாகச் சொல்கிறேன்.

இந்த முதல் கியர் எங்களுக்கு அடிக்கடி தேவைப்பட்டது, ஏனென்றால் எங்கள் ஊர் வாவியால் இரண்டாகப் பிரிந்த ஊர். மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான். அதற்கு முன்னால் அந்த இடத்தில், வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரையில் இருந்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் காரை ஏற்றித்தான் கடக்க வேண்டும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடும் பாதையும் அதே மாதிரித்தான். கரையில் இருந்து பலகைச் சாய்வு, அதற்கு மேல் தண்ணீரில் அசையும் தட்டு, முன்னால் ஏற்கெனவே ஒரு ட்ரக்டரோ வேனோ நிற்கும், பக்கத்தில் மீன் பெட்டியோடு சைக்கிள்காரர், பிள்ளையைத் தூக்கிய பெண்கள். சாய்வில் ஏறும் அளவுக்கு இழுவை வேண்டும், ஏறி முடிந்த அடுத்த நொடியே நிற்க வேண்டும், ஒரு முழம் கூடினாலும் முன்னால் நிற்பவனில் முட்டும். பாதி கிளச்சில் அரை அடி அரை அடியாக நகர்த்துவதைப் பாதைக்காரர் கையைக் காட்டிக் காட்டியே எங்களுக்குப் பழக்கி விட்டார்கள்.

டவுன் பக்கம் கல்லடிப் பாலம். மானிங் சீமாட்டியின் பெயரில் இருக்கும் பழைய இரும்புப் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும் வரைக்கும் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்தான் வர வேண்டும். காலை நேரம் வரிசை நீளும். அந்த வரிசையில் நின்று நின்று நகர்வதில்தான் யார் கிளச்சை எரிக்கிற ஆள், யார் எரிக்காத ஆள் என்று தெரியும். எரிக்கிறவன் முழு நேரமும் பாதி கிளச்சில் காரைத் தொங்க விட்டுக்கொண்டு நிற்பான், தகடு உரசி உரசிக் கருகல் மணம் பின்னால் நிற்பவன் மூக்கு வரைக்கும் வரும். தெரிந்தவன் நியூட்ரலுக்கு எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டு காலையும் எடுத்து விட்டு இருப்பான். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழுந்த பிறகுதான் கியரைப் போடுவான்.

யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகள். தகர பீப்பாய்களையும் மண் மூட்டைகளையும் வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள், இரவென்றால் முன் லைட்டைத் தாழ்த்தி, உள் லைட்டைப் போட்டு, நடை வேகத்தில் போக வேண்டும். அந்த இடத்தில் கார் குதிக்கவும் கூடாது, இன்ஜின் அணைந்து திடீரென்று நிற்கவும் கூடாது. பயத்தில் கால் நடுங்கும் நேரத்திலும் கிளச்சைச் சீராகப் பிடிக்க இந்தப் பக்கத்து டிரைவர்மாருக்கு வந்தது அப்படித்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை.

சரி, இனி உங்கள் டிஎக்ஸ். கொரோலா கேஈ70 என்று நினைக்கிறேன், அதில் 4கே இன்ஜின், 1290 சிசி, கார்பரேட்டர். 77க்குப் பிறகு வந்த ஜப்பான் கார்களில் இந்தப் பக்கம் ஆட்கள் நெஞ்சார விரும்பிய கார் அது. பொனட்டைத் திறந்தால் கையை விட்டு வேலை செய்ய இடம் இருக்கும், எந்தக் கராஜுக்கும் தெரிந்த இன்ஜின். பழகுவதற்கும் நல்லது, ஏனென்றால் கிளச் மிதியில் நடப்பது கால் வரைக்கும் வந்து தெரியும்.

ஆனால் அப்படியே ஸ்டார்ட் பண்ணி ஓட்ட வேண்டாம். கல்லடி கடற்கரைக் காற்றில் நீண்ட நாள் நின்ற கார். முதலில் பார்க்க வேண்டியது கிளச் தகடு துருவால் ஃப்ளைவீலோடு, அதாவது இன்ஜினோடு சுற்றும் கனமான சில்லோடு, ஒட்டியிருக்கிறதா என்பது. நம்முடைய ஈரக் காற்றில் இது அடிக்கடி நடக்கும். கிளச்சை முழுக்க அமத்தியும் கியர் கத்துகிறது, அல்லது கியரில் போட்டவுடன் கார் பாய்கிறது என்றால் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் கை வைக்காமல் கராஜில் விடுங்கள். தாங்கியில் உள்ள பழைய பெற்றோலை இறக்கி விட்டு, கார்பரேட்டரைக் கழுவி, பிரேக் எண்ணெயை மாற்றி, நாலு சில்லிலும் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயருக்குப் பூ, அதாவது மேல் வெட்டு, தேயாமல் இருக்கிறது என்று நம்ப வேண்டாம், நின்ற டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். காலடிக் கம்பளத்தை எடுத்துத் தரைத் தகட்டையும் பாருங்கள், துரு பிடிப்பது முதலில் அங்கேதான்.

லைசன்ஸ் விஷயமும் இருக்கிறது. உங்கள் அட்டையில் ஓட்டோ கியர் மட்டும் என்று இருந்தால் மனுவல் காரை ரோட்டில் தனியாக எடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை, ஒரு விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, மனுவலுக்கு ஓடிக் காட்டி அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். அது வரைக்கும் அங்கே அனுமதிக்கிற விதத்தில், எல் போர்ட் மாட்டி, மனுவல் லைசன்ஸ் உள்ள அண்ணனையோ மாமாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள். அப்பாவைப் பின் சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரோடு தெரியாவிட்டாலும் அவருக்கு அந்த இன்ஜினின் சத்தம் தெரியும், எப்போது கியர் கூட்ட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். அவரை விட நல்ல வாத்தியார் அந்தக் காருக்குக் கிடைக்க மாட்டார்.

பழகும் முறை இதுதான். ஆள் இல்லாத, சமமான, கெட்டியான வெளி ஒன்றுக்குப் போங்கள், மணலில் வேண்டாம், சில்லு புதைந்தால் கிளச்சின் உணர்வு பொய்யாக வரும். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு அல்லது மெல்லிய சப்பாத்தோடு இருங்கள், கழன்ற செருப்பு மிதிக்குக் கீழே போனால் ஆபத்து. சீட்டை முன்னால் இழுத்து, கிளச்சை அடி வரைக்கும் அமத்தியும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கும்படி வையுங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக விடுங்கள், சோக்கை உள்ளே தள்ளி, சீராக ஓடும் வரைக்கும்.

இப்போது கிளச்சை முழுக்க அமத்தி முதல் கியர். வலது காலை அக்சிலேட்டரில் வைக்கவே வேண்டாம், பிரேக்குக்குப் பக்கத்தில் சும்மா இருக்கட்டும். இனிக் கிளச்சை மெல்ல, மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கும், பொனட் ஒரு துளி எழும்பும், கார் அசையத் தொடங்கும். அங்கேயே காலை நிறுத்துங்கள். மேலும் விட வேண்டாம். கார் ஊர்ந்து போகட்டும், பிறகு திரும்ப அமத்தி, பிரேக்கில் நிறுத்துங்கள். இதையே செய்து கொண்டிருங்கள். சமதரையில் அந்த 4கே இன்ஜின் அக்சிலேட்டர் இல்லாமலே காரை இழுத்துக்கொண்டு போகும். இதுதான் எங்கள் கைத் த்ரொட்டில் வித்தை. அந்த இடம் காலுக்கு மனப்பாடம் ஆகும் வரைக்கும் வேறொன்றும் தொட வேண்டாம். இரண்டாம் கியருக்குப் போக ஆசை வரும், போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மாமா "சரி சரி, இனி ரோட்டுக்கு எடு" என்பார், கேட்க வேண்டாம்.

அணைந்து நின்றால் ஒன்றும் பழுதாகாது. கிளச்சை அமத்தி, நியூட்ரலுக்கு எடுத்து, ஸ்டார்ட் பண்ணுங்கள். அவசரத்தில் கியரோடு ஸ்டார்ட் பண்ணித்தான் ஆட்கள் மதிலில் முட்டுகிறார்கள்.

அந்த இடம் வசமான பிறகு அக்சிலேட்டரைச் சேருங்கள். முதலில் கொஞ்சம் சத்தம் ஏற்றி, அந்தச் சத்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு கிளச்சை விடுங்கள். இரண்டு காலும் எதிரெதிராகப் போக வேண்டும் என்று சொல்லித் தருவார்கள், அது பிறகு தானாக வரும், இப்போது ஒரு கால் அசையாமல் நிற்க, ஒரு கால் மட்டும் அசையட்டும். அப்புறம் கியர் கூட்டுவது. முதல் கியர் காரை அசைக்க மட்டும்தான், மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகம் வந்தவுடன் இரண்டு, முப்பதுக்கு மூன்று, நாற்பத்தைந்து ஐம்பதுக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சத்தம் இரையும்போது கூட்டுங்கள், முனகி உதறும்போது இறக்குங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினால் போதும், நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்திப் போட்டால் பழைய கியர்பெட்டி சந்தோசமாக வாங்கிக்கொள்ளும்.

கியர் மாற்றி முடிந்தவுடன் இடது காலைக் கிளச்சில் இருந்து எடுத்து விடுங்கள். மிதியில் காலை இளைப்பாற வைத்துக்கொண்டு ஓட்டுவது இங்கே நிறையப் பேருக்கு உள்ள பழக்கம். கால் பாரம் பட்டாலே உள்ளே இருக்கும் பெயாரிங் சுற்றித் தேயும், தகடும் வழுக்கத் தொடங்கும். நிறுத்தும்போது முதலில் பிரேக், கார் உதறப் போகிறது என்று தெரியும்போது மட்டும் கிளச். தூரத்திலேயே கிளச்சை அமத்திக்கொண்டு உருட்டிப் போவது நல்லதல்ல, இன்ஜினின் பிடி போய் விடும்.

நமது பக்கம் ஒரு குறை, எல்லாம் சமதரை. பாலத்தை விட்டால் ஏற்றம் என்று ஒன்று கிடையாது, அதனால் மட்டக்களப்பில் வருஷக் கணக்கில் ஓட்டியவர்களும் கண்டி ரோட்டில் போய்த் தடுமாறுகிறார்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதைத் தனியாகப் பழகுங்கள். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கட்டுக்கு ஏறும் சாய்வு இதற்குப் போதும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். அம்பாறைப் பக்கம் போனால் இன்னும் நல்ல சாய்வுகள் கிடைக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துங்கள். முதல் கியர், கொஞ்சம் சத்தம், கிளச்சை அந்தப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். காரின் பின்பக்கம் தாழ்ந்து பொனட் எழும்புவது தெரியும். அப்போதுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். கார் ஒரு விரல் அளவும் பின்னால் போகாது.

மனுவல் பழகினால் உங்களுக்குக் கிடைக்கப் போவது டிஎக்ஸ் மட்டும் இல்லை. நமது ஊரில் வேலைக்கு ஓடும் வாகனம் எல்லாம் பெரும்பாலும் கியர் போட்டு ஓடுவதுதான், பட்டா என்ற சின்ன லொறி, பழைய ஹையேஸ் வேன், வயல் ட்ரக்டர் எல்லாம். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து, வாசலில் நிற்பது பக்கத்து வீட்டு வேன் மட்டும் என்றால் அதை எடுக்கக்கூடிய ஒரு ஆளாவது வீட்டில் இருக்க வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாள்கணக்கில் நின்று பற்றரி இறங்கிப்போன கார்களில், மனுவல் கார்களைத் தள்ளியே ஸ்டார்ட் பண்ணினோம், சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை அமத்திப் பிடித்து, நாலு பேர் தள்ளி வேகம் வந்தவுடன் டக்கென்று விட்டு. ஓட்டோ கியருக்கு வேறு பற்றரி தேட வேண்டியிருந்தது.

கடைசியாக, அப்பாவைக் கண்டிக்குக் கண் காட்டக் கூட்டிப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். செங்கலடியில் திரும்பி, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை தாண்டும் வரைக்கும் பெரிய வேலை இல்லை. மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ரோடு. வளைவுக்குள் போன பிறகு கியர் இறக்கப் பார்க்க வேண்டாம், முன்னாலேயே இரண்டுக்கு இறக்கி விட்டு உள்ளே போங்கள், இன்னும் முனகினால் முதல் கியர், வெட்கம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை இடைக்கிடை தொட்டால் போதும். பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்படித்தான். மேலே ஏறி வரும் வாகனத்துக்கு இடம் விட்டு நில்லுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ரேடியேட்டர் தண்ணீரையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள், ஒரு பெல்ட்டும் இரண்டு போத்தல் தண்ணீரும் டிக்கியில் கிடக்கட்டும். கிளச் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று கராஜில் சொன்னதை எழுதுங்கள், அதைப் பார்த்து மிச்சத்தைச் சொல்கிறேன்.